படிகம் மறுப்பதும் அனுமதிப்பதும்

திருப்பதி, காளஹஸ்தி, வேலூர், சென்னை என்று பல ஊர்களிலிருந்து ஏர்பேடு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். தெலுங்கு மண்ணில் நடக்கும் கருத்தரங்கில் தலைமை உரையைத் தமிழில் ஆற்ற இசைந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. ரேணிகுண்டா தாண்டினால் ரயிலில் கடந்துபோகும் ஊராகத்தான் என் தலைமுறை ஏர்பேட்டை அறியும். 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசரும் இன்று இந்த வட்டாரத்தில் வளாகம் கொண்டிருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

படிகச் சமச்சீர்மையைப் பற்றி ஆந்திரத்தில் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியவர் சூரி பகவந்தம். 1909இல் பிறந்தவர், சி.வி. ராமனோடு பணியாற்றியவர், வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஒரு பண்பை விவரிக்க ஒரு படிகத்துக்கு எத்தனை தனி மாறிலிகள் வேண்டும் என்பதைக் குலக் கோட்பாட்டின் வழியே எண்ணிச் சொன்னவர் அவர். அழுத்தும்போது படிகத்தின் ஒளிவிலகல் மாறுகிறதல்லவா, அதற்குக் கனசதுரப் படிகங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று மாறிலிகள் போதும் என்று ஜெர்மானிய அறிஞர் போக்கெல்ஸ் வகுத்திருந்தார். ஐந்து கனசதுர வகுப்புகளில் இரண்டுக்கு நான்கு வேண்டும் என்று பகவந்தம் 1942இல் காட்டினார். பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் இருந்த கணக்கை அது திருத்தியது. எண்ணிப் பார்க்கும் அந்தப் பொறுமைதான் இன்று நமக்கு வேண்டும் என்பது என் கருத்து.

நேரிலா ஒளியியலுக்கு வருவோம். 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் 694 நானோமீட்டர் சிவப்பு ரூபி லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தில் குவித்து, அதில் பாதி அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியைப் பெற்றார்கள். ஒளிப்படத்தில் விழுந்த அந்தச் சிறு புள்ளியை அழுக்கு என்று எண்ணி, அச்சிடும்போது இதழினர் நீக்கிவிட்டார்கள் என்பது துறையில் எல்லாரும் அறிந்த கதை.

குவார்ட்ஸால் அது ஏன் முடிந்தது? வலுவான லேசரில் படிகத்தின் முனைவாக்கம் மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் நிற்பதில்லை. புலத்தின் இருமடியும் அதில் கலக்கிறது. இரட்டை அதிர்வெண் ஒளி பிறப்பது அந்தப் பகுதியிலிருந்துதான். படிகத்துக்குச் சமச்சீர் மையம் இருந்தால் புலத்தைத் திருப்பியதும் முனைவாக்கமும் திரும்பியாக வேண்டும். ஆனால் இருமடியின் குறி மாறாது. ஓர் அளவு தன் எதிர்க்குறிக்கே சமம் என்றால் அது சுழிதான். 32 படிக வகுப்புகளில் 11 இப்படி வெளியேறுகின்றன. மீதி 21இல் 432 என்ற வகுப்பும், மையம் இல்லாதபோதும், தன் மற்றச் சுழற்சிகளால் விலகிவிடுகிறது.

சமச்சீர்மை ‘இல்லை’ என்று சொன்னால் பேரம் கிடையாது. ‘உண்டு’ என்று சொல்வது வெறும் அனுமதி. எவ்வளவு என்பதை மூலக்கூறும் அது அடுக்கப்பட்ட விதமும் தீர்மானிக்கின்றன.

நம் ஆய்வகங்களில் எல்லாரும் கையாளும் கிளைசினையே பாருங்கள். வெறும் நீரில் கரைத்து, துளையிட்ட தாளால் பீக்கரை மூடி ஆறவிட்டால் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம் கிடைக்கும். அதில் மூலக்கூறுகள் மையத்தின் இருபுறமும் எதிரெதிராக இணை சேர்ந்து கிடக்கும். அதைப் பொடித்து 1064 நானோமீட்டர் லேசரின் முன் வைத்தால், பாதி அலைநீளமான பச்சை ஒளி வராது. அதே கரைசலில் சோடியம் குளோரைடு சேர்த்து வளர்த்தால் காமா வடிவம் எழும். மூலக்கூறுகள் மும்மடித் திருகு அச்சைச் சுற்றி அடுக்கப்படுகின்றன, மையம் இல்லை, தூளில் பச்சை ஒளி தெரிகிறது. மூலக்கூறு மாறவில்லை, அடுக்கு மாறியது. எல்-அலனின், எல்-அர்ஜினின் போன்றவற்றை நாம் நாடுவதற்கும் காரணம் இதுவே. ஒரே கைத்தன்மை கொண்ட மூலக்கூறுகளால் ஆன படிகத்தில் சமச்சீர் மையம் அமையவே முடியாது.

இங்கே ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். குர்ட்ஸும் பெரியும் 1968இல் தந்த தூள் முறை எளிமையானது, அதனாலேயே ஆபத்தானது. உப்பைச் சேர்த்து வளர்த்த படிகத்தில் உப்பு நுழைந்ததா என்று பாராமல், காமா கிளைசினுக்கே புதுப் பெயர் சூட்டிவிடும் வாய்ப்பு உண்டு. மையமுள்ள படிகத்தில் மங்கலான பச்சை தெரிந்தால் கலப்படத்தையோ, சிதறிக் கிடக்கும் வேறொரு வடிவத்தையோ, மேற்பரப்பையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். மேற்பரப்பில் சமச்சீர் மையம் முறிந்துவிடுகிறதே! எக்ஸ்-கதிரை மட்டும் நம்பவும் முடியாது. ஃபிரீடல் விதிப்படி, மையமற்ற படிகத்தின் விளிம்புவிளைவுச் செறிவுகளும் பெரும்பாலும் மையமுள்ளதைப் போலவே தோற்றமளிக்கும். ஆகவே பச்சை ஒளியும் எக்ஸ்-கதிரும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

அனுமதி கிடைத்தபின் திசை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை, நம் பேச்சில் கே.டி.பி.யை, எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்புக்கான மாறிலிகளின், பொதுவாக 18 உறுப்புகள் இருக்கக்கூடிய அட்டவணையில் அதன் சமச்சீர்மை மூன்றை மட்டுமே விட்டுவைக்கிறது. ஒளி அச்சின் வழியே லேசரைச் செலுத்தினால் முன்னோக்கி இரட்டிப்பு ஒளி வராது. 1064 நானோமீட்டர் லேசருக்கு, முதல் வகைக் கட்டப் பொருத்தத்தில், அச்சிலிருந்து ஏறத்தாழ 41 பாகை சாய்த்து, பக்கவாட்டில் 45 பாகை திருப்பி வெட்ட வேண்டும். தப்பிய திசையில் வெட்டினால் பல வாரம் வளர்த்த படிகம் வீண். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தை உருவாக்கிய பி. ராமசாமியும் சங்கரநாராயணனும் 2005இல் வெளியிட்ட முறையின் அருமை இங்கேதான் புரியும். வேண்டிய திசையில் விதைப் படிகத்தைக் குழாயின் அடியில் அமர்த்தி, அந்தத் திசையிலேயே படிகத்தை வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டின் சிறு கல்லூரிகள் பலவும் பின்பற்றும் முறை இது.

அதனால் இந்த அரங்கில் கட்டுரை படிப்போரிடம் மூன்று வேண்டுகோள். பச்சை ஒளியைச் சொல்லுமுன் படிகத்தின் வகுப்பைச் சொல்லுங்கள். தூளின் துகள் அளவையும் ஒப்பீட்டுக்கு வைத்த கே.டி.பி. தூளின் துகள் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒளி வராத படிகங்களையும் மறைக்காமல் அட்டவணையில் வையுங்கள். ஒற்றைப்படிக எக்ஸ்-கதிர் கருவி இல்லாத கல்லூரிகளுக்கு, அது உள்ள பெரிய நிறுவனங்கள் மாதத்தில் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும் என்பதை இன்று மாலைக் கலந்துரையாடலில் தீர்மானமாகவே முன்மொழிகிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். அமினோ அமில உப்புகள் குறித்த முதல் அமர்வின் பேச்சாளர்கள் மேடைக்கு வரலாம்.