கேமியோ அணிகளில் தெய்வ உருவங்களை அறியும் நெறி

(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பொன்னைப் பற்றியதன்று; பொன்னிற் பதித்த சிறு கல்லைப் பற்றியது. மேனாட்டு மகளிர் கழுத்தருகே ஆடையிற் செருகும் ஊசியணியின் நடுவே, இருண்ட நிலத்தின்மேல் வெண்மையாய்ப் புடைத்து நிற்கும் ஒரு முகத்தை நீங்கள் படங்களிலேனும் கண்டிருத்தல் கூடும். அதற்குக் கேமியோ என்று பெயர். அம்முகம் யாருடையது என்று தெளியும் நெறியை, எம் அறிவிற்கு எட்டிய அளவில் எடுத்துரைப்போம்.

முத்திரை மோதிரத்தில் உருவம் உட்குழிந்திருக்கும்; கேமியோவில் உருவம் மேலெழுந்து நிற்கும். இதற்கு அடுக்கடுக்காய் நிறம் மாறும் பொருள் வேண்டும். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் சார்டானிக்ஸ் என்னும் பல்லடுக்குக் கல்லைக் கையாண்டனர். அவ்வகைக் கல் இந்தியாவிலிருந்தும் உரோமுக்குச் சென்றது. பிற்காலத்தார் காசிஸ் என்னும் இனத்துப் பெருஞ்சங்கினையும் மேற்கொண்டனர். வெண்மையான மேலடுக்கில் உருவத்தை நிறுத்தி, எஞ்சியதைச் செதுக்கி நீக்கினால், கீழடுக்கின் நிறம் பின்புலமாய் அமைந்துவிடும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள தொர்ரே தெல் கிரேக்கோ என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பவளமும் சங்கும் செதுக்கக் கற்பிக்கும் பள்ளி ஒன்று அங்கே 1878ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது.

இனி, முகத்தைக் கண்டு பெயர் கூறலாமோ எனின், கூறலாகாது என்க. நேரிய மூக்கும், சிறிய வாயும், சுருண்ட கூந்தலும் அவ்வுருவங்களுக்கெல்லாம் பொது. நம் கோயிற் சிற்பங்களில் கையிலுள்ள படையும், தலைக்கோலமும், ஊர்தியும் கொண்டன்றோ இன்ன தெய்வம் என்று தெளிகின்றோம்? அவ்வாறே கேமியோவிலும் அடையாளங்களையே நோக்குதல் வேண்டும்.

தலைச்சீரா அணிந்த மங்கை அதீனா. மார்பிற் கவசத்தின்மேல் பாம்புக்கூந்தலுடைய முகமொன்று தோன்றுமாயின் ஐயமே இல்லை. அப்பாம்புக்கூந்தல் முகம் தனித்து நிற்பின் மெதூசா. அவள் நெற்றியோரத்தில் சிறு சிறகுகளும் காணப்படுவதுண்டு. நெற்றிமேற் பிறையும் தோளின்மேல் அம்பறாத்தூணியும் உடையவள் வேட்டைத் தெய்வமாகிய ஆர்த்தெமிசு. கோதுமைக் கதிர் சூடியவள் தெமேத்தர். சிறகு முளைத்த தொப்பியுடையவன் தூதனாகிய எர்மெசு. வண்ணத்துப்பூச்சியின் சிறகுடைய பெண் சைக்கீ. கிரேக்கத்தில் அச்சொல் உயிரையும் குறிக்கும், வண்ணத்துப்பூச்சியையும் குறிக்கும். கொடிமுந்திரி இலையும் கனியும் சூடித் தோளில் விலங்கின் தோல் போர்த்தவள் பாக்காந்தை எனப்படுவாள். அவள் தெய்வம் அல்லள், மதுத் தெய்வமாகிய தியோனிசசின் அடியாள். மயிலைக் கண்டவுடன் நம் உள்ளம் முருகனிடம் செல்லும். கிரேக்கர்க்கோ மயில், விண்ணவர் அரசியாகிய ஈராவுக்கு உரியது. ஆதலின் அடையாளத்தை அந்நாட்டுக் கதை கொண்டே படித்தல் வேண்டும்.

ஆயினும், ஓர் அடையாளம் கண்ட அளவிலே பெயர் சூட்டிவிடுதல் பெரும் பிழைக்கு இடமாகும். யாம் இன்று சிறப்பாக வற்புறுத்த விழைவது இதுவே. சிங்கத்தோலைத் தலையிற் போர்த்த உருவம் வீரனாகிய ஏராக்கிளிசு என்பர். ஆனால் அத்தோலின்கீழ் இருப்பது பெண்முகமாயின், அவ்வீரனை ஏவல் கொண்டு அவன் தோலைத் தான் அணிந்த லிதிய நாட்டரசி ஓம்பலே என்று கொள்ளல் வேண்டும். கழுகு சேயூசு என்னும் தலைமைத் தெய்வத்தின் பறவை. அக்கழுகிற்குக் கிண்ணம் ஏந்தி ஊட்டுபவள் இளமங்கையாயின் ஏபே. ஊட்டுபவன் இளைஞனாயின் கனிமீது. ஆந்தை அதீனாவுக்கு உரியதே. எனினும், உறங்கும் குழவிகள் இருவரை அணைத்துப் பறக்கும் மங்கையின் அருகே ஆந்தை தோன்றின், அவள் இரவு நங்கை. தோர்வால்சன் என்னும் தென்மார்க்குச் சிற்பி 1815ஆம் ஆண்டில் வட்டப் புடைப்புச் சிற்பமாக அமைத்த உருவம் அது. சங்கு செதுக்குவோர் அதனைப் பெரிதும் பின்பற்றினர்.

ஓர் அடையாளத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு வரலாறே சான்று. பிரெஞ்சு மன்னன் ஐந்தாம் சார்லசு 1367ஆம் ஆண்டில் சார்த்திரசுப் பேராலயத்திற்கு ஒரு கேமியோவைக் காணிக்கையாக்கினான். அதில் நிற்பவன் உரோமரின் சூபிதர். அவன் காலடியில் கழுகு. கிறித்தவ மரபில் கழுகு நற்செய்தி எழுதிய யோவானுக்குரிய குறி. ஆகவே கழுகைக் கண்டோர், நிற்பவரும் யோவானே என்று கொண்டனர். பாரிசு நகரில் உள்ள பிரான்சின் பெருங் கேமியோவுக்கும் இந்நிலையே நேர்ந்தது. ஏறத்தாழ 31 செண்டிமீட்டர் உயரமுள்ள அக்கல்லில் உரோமப் பேரரசர் குடும்பம் செதுக்கப்பட்டுள்ளது. இடைக்காலத்தார் அதனை எகிப்து மன்னன் அவையில் யோசேப்பு பெற்ற வெற்றி என்று போற்றினர். 1620ஆம் ஆண்டில் பெய்ரெசுக்கு என்னும் அறிஞர் உற்று நோக்கி உண்மையை வெளிப்படுத்தினார். பிழையான பெயரால் ஒரு நன்மையும் விளைந்தது. திருப்பொருள் என்று போற்றப்பட்டமையாலேயே இக்கற்கள் ஆலயக் கருவூலங்களில் அழியாது நின்றன. எனினும் காப்பாற்றிய பெயர் என்பதனால் அது மெய்ப்பெயர் ஆகிவிடாது.

கற்றோரும் இவ்வகையில் தடுமாறுதல் உண்டு. ஆங்கில நாட்டில் பெயின் நைட் என்னும் பேரறிஞர், மலர் சூடிய பெண்தலை பொறித்த கேமியோத் துண்டொன்றைப் பழங்காலத்தது என்று வாங்கிப் போற்றி வைத்திருந்தார். இத்தாலியிலிருந்து இலண்டனுக்கு வந்த பிசுத்திரூச்சி என்னும் சிற்பி அதனைக் கண்டு, “இது என் கையால் ஆயது” என்று கூறினார். நைட் அதனை ஏற்றிலர். அவர் 1824ஆம் ஆண்டில் மறைந்தபின், அவருடைய தொகுப்புப் பிரித்தானியப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்தது. அத்துண்டு பிசுத்திரூச்சியின் வேலையே என்பது இன்று அறிஞர் துணிபு. இப்பிசுத்திரூச்சி யார் என நினைக்கின்றீர்கள்? குதிரைமேல் அமர்ந்து நாகப்பிராணியைக் கொல்லும் வீரனை 1817ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொற்காசில் பொறித்தவர் அவரே. அக்காசின் பெயரே நம் இல்லங்களில் இன்றும் சவரன் என வழங்குகின்றது.

அன்பர்களே! இவையெல்லாம் மேனாட்டாரின் பழங்கதையன்றோ, நமக்கு ஆவதென்ன என்று சிலர் கருதலாம். நம்மவர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். பழம்பொருள் விற்போரிடம் இத்தகைய அணிகளை வாங்குவோரும் உளர். பெயர் ஒன்று சேர்ந்தால் விலை உயரும் என்பதை வணிகர் நன்கறிவர். அன்று கேட்ட பெயர் மகளுக்கும் பெயர்த்திக்கும் சென்று, பின்னர்க் குடும்பத்தின் சான்றாகவே நிலைத்துவிடும். ஆதலின் வாங்குவோர் சிலவற்றைக் கைக்கொள்வாராக.

முதலாவது, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தலை, தோள், கை, அருகிலுள்ள உயிர் என்னும் முறையில் நோக்குக. இரண்டாவது, ஓர் அடையாளத்திற்கு மற்றோர் அடையாளம் துணை நிற்கின்றதா என்று காண்க. மூன்றாவது, பொருளை ஆராய்க. சங்கிற் செதுக்கியவற்றுள் மிகப் பல 19ஆம் நூற்றாண்டினும் அதன் பின்னரும் செய்யப்பெற்றவை. சங்கணியைக் காட்டி உரோமர் காலத்தது என்று எவரேனும் உரைப்பின் ஐயுறுக. வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் மெல்லிய சங்கின் ஊடே ஒளி புலப்படும். உளியின் தடமே இன்றி வழுவழுப்பாய் இருப்பின், அச்சில் வார்த்த கண்ணாடியோ பிளாசுடிக்கோ என்றும் ஆராய்தல் நன்று.

இத்துணையும் நோக்கியபின் அடையாளம் ஒன்றுமே காணாவிடின் என் செய்வது? அழகிய பெண்முகம் என்று மட்டும் கூறி அமைக. 19ஆம் நூற்றாண்டின் கேமியோக்களுட் பல, எந்தத் தெய்வத்தையும் குறியாத பெண்முகங்களே. அவற்றிற்கு வலிந்து ஒரு தெய்வப்பெயர் சூட்டுதல் அணிக்கும் பெருமையன்று. அதனைச் செதுக்கிய தொழிலாளியின் கருத்துக்கும் பொருந்துவதன்று.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அணி உங்களிடம் இருப்பின், பேழையுள் ஒரு சிறு தாளும் வைத்திடுக. அதில் கண்ணாற் கண்ட அடையாளங்களை முதலில் எழுதுக. வாங்கிய ஆண்டையும் இடத்தையும் எழுதுக. விற்றவர் சொன்ன பெயரை, விற்றவர் சொன்னது என்ற குறிப்போடு தனியே எழுதுக. பின்வருவோர் எது கண்டது, எது கேட்டது என்று பிரித்தறிந்து, நம்மினும் நன்கு ஆராய்ந்து தெளிவர்.