"ஏன் அப்பவே சொல்லலை?"

(நம் குடியிருப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோலப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் நம் செயலாளர். "லைட்டா ஏதாவது பேசுங்க மேடம்" என்றும் சொன்னார். மன்னிக்க வேண்டும், இது அவ்வளவு லைட்டான விஷயம் இல்லை.

பத்திரிகை, டி.வி., சினிமா என்று ஏதோ ஒரு துறையின் பெரிய புள்ளி மீது ஒரு பெண் பாலியல் புகார் சொன்னால், நம் வாட்ஸ்அப் குழுவில் என்ன வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மூன்று கேள்விகள் தவறாமல் வரும். "ஏன் அப்பவே சொல்லலை?" "அவ்வளவு பெரிய மனுஷர், அவரா இப்படி?" "போலீசுக்குப் போகாம ஏன் ட்விட்டர்ல போடறா?"

ஏறக்குறைய இதே கேள்விகள் டெல்லியில் ஒரு நீதிமன்றத்தில் எழுந்தன. அந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எம்.ஜே. அக்பரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'டெலிகிராஃப்', 'ஏஷியன் ஏஜ்' நாளிதழ்களைத் தொடங்கி நடத்திய ஆசிரியர். பிறகு வெளியுறவுத் துறை இணை அமைச்சர் ஆனார். பிரியா ரமணி என்ற பத்திரிகையாளர் 2017இல் ஒரு கட்டுரை எழுதினார். தன் 23 வயதில், வேலைக்கான நேர்காணலுக்கு ஓட்டல் அறைக்கு அழைத்து முறைகேடாக நடந்துகொண்ட ஓர் ஆசிரியரைப் பற்றி, பெயர் சொல்லாமல் எழுதினார். 2018 அக்டோபரில், அந்த ஆசிரியர் அக்பர்தான் என்று ட்விட்டரில் சொன்னார். அவர் சொன்ன சம்பவம் நடந்தது 1993இல். அடுத்தடுத்து வேறு பல பெண்களும் அக்பர் மீது புகார் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். ரமணி மீது கிரிமினல் அவதூறு வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 17ஆம் தேதி பதவி விலகினார்.

இதில் ஒன்றை நினைவில் வையுங்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றது புகார் சொன்ன பெண். தோற்றால் இரண்டு வருஷம் வரை சிறை.

2021 பிப்ரவரி 17ஆம் தேதி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பத்து இருபது வருஷம் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்வது என்பதும் அவள் உரிமை என்றது. சமூகத்தில் மதிப்புள்ளவரும் இப்படி நடந்துகொள்ளக்கூடும் என்றது. ஒருவருடைய நற்பெயரைக் காப்பதற்காக இன்னொருவருடைய கண்ணியத்தை விலையாகக் கொடுக்க முடியாது என்றது. அக்பர் மேல்முறையீடு செய்தார். டெல்லி உயர் நீதிமன்றம் அதை 2022இல் விசாரணைக்கு ஏற்றது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

"ஏன் அப்பவே சொல்லலை?" என்பதற்கு அந்தத் தீர்ப்பில் ஒரு எளிய பதில் இருக்கிறது. 1993இல் சொல்வதற்கு இடம் எது? அலுவலகங்களில் புகார்க் குழு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் சொன்னதே 1997இல்தான். சட்டம் வந்தது 2013இல். அதற்கு முன்னால், ஆசிரியர் மீது புகார் என்றால் அந்த ஆசிரியரிடமேதான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்!

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கிளைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மேலாளர் நல்ல பெயர் எடுத்தவர். என் லோனுக்குக்கூட உதவி செய்தவர். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அந்தப் பெண், "அக்கா, ஆறு மாசமா சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் என்னை மட்டும் இருக்கச் சொல்றார்" என்று ஆரம்பித்தாள். நான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "ஆறு மாசமாவா? ஏன்டி அப்பவே சொல்லலை?" என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடினாள். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அடுத்த மாதம் மாற்றல் கேட்டுப் போய்விட்டாள்.

அந்த மேலாளர் தவறு செய்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் விசாரிக்கவில்லையே! விசாரணைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தை என் ஒரே கேள்வி மூடிவிட்டது. அவர் நிரபராதி என்றால், அதுவும் சேர்ந்துதான் மூடிப்போனது.

அதனால்தான் சொல்கிறேன். டி.வி.யில் வரும் பெரிய மனிதரைப் பற்றி நாம் என்ன பேசினாலும் அது அவர் காதுக்கு எட்டப்போவதில்லை. ஆனால் லிஃப்டில் நாம் "பப்ளிசிட்டிக்குப் பண்றா" என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் வீட்டு வேலைக்காரம்மாவுக்கு அது கேட்கும். நம் வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கும் கேட்கும். நாளைக்குத் தனக்கு ஒன்று நடந்தால் இந்த வீட்டில் சொல்லலாமா கூடாதா என்று அவர்கள் அப்போதே முடிவு செய்துவிடுவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. புகார் வந்த நிமிஷமே ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டி, அவர் குடும்பப் படத்தை ஃபார்வர்ட் செய்வதும் தவறுதான். "நம்புங்கள்" என்று நான் கேட்கவில்லை. "கேளுங்கள்" என்றுதான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, விசாரிக்க வேண்டிய இடத்துக்கு அனுப்புங்கள்.

அந்த இடம் எது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2013 சட்டத்தில் வீடும் ஒரு பணியிடம்தான். நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்கும் அது பொருந்தும். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பொய் என்று தெரிந்தே கொடுத்த புகாருக்கு நடவடிக்கை உண்டு; ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. விசாரணையில் இருக்கும் இரு தரப்புப் பெயர்களையும் வெளியிடக் கூடாது. குழு வாட்ஸ்அப்பில் போடுவதும் அதில் அடங்கும்!

நம் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங், தோட்டக்காரர் எல்லாரையும் சேர்த்து நம் குடியிருப்பில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குப் புகார்க் குழு இருக்கிறதா என்று கமிட்டி பார்க்க வேண்டும். ஏஜென்சி மூலம் வருகிறவர்களுக்கு அந்த ஏஜென்சியில் குழு உண்டா என்று எழுதிக் கேட்க வேண்டும். மாவட்டக் குழுவின் தொடர்பு விவரத்தையும், பெண்கள் உதவி எண் 181ஐயும் சர்வீஸ் லிஃப்ட் பக்கத்தில், தமிழிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும். மெயின் லிஃப்டில் ஒட்டினால் பார்க்க வேண்டியவர்கள் பார்க்க மாட்டார்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது உங்களிடம் வந்து சொல்ல ஆரம்பித்தால், "ஏன் அப்பவே சொல்லலை?" என்பதற்குப் பதிலாக "சரி, சொல்லும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை.