மேற்கு என்னும் சொல்லும் கிப்லாத் திசையும்



தொழும் திசை எது என வினவினால், நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் முதியோர் ‘மேற்கு’ என்பர். இளையோர் கைப்பேசியை எடுப்பர். இவ்விரு விடைகளையும் இன்று ஆராய்வோம்.

‘மேல்’ என்பதிலிருந்து மேற்கும், ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கும் தோன்றின. மேற்கே மலையாய் உயர்ந்து கிழக்கே கடல்நோக்கித் தாழும் தமிழக நிலமே இச்சொற்களை ஈன்றது என்பர் மொழியறிஞர். கிள்ளானில் நிலைமை தலைகீழ். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே மலாக்கா நீரிணை. நிலம் மாறிற்று; சொல் மாறவில்லை.

தொழுகைத் திசைக்கும் அச்சொல்லே நம்முடன் வந்தது. ஆயினும் கஅபா, சென்னைக்கு நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகையும், கோலாலம்பூருக்கு 22½ பாகையும் வடக்கே அமைகிறது. இங்கிருந்து ஒரு பாகை பிசகினால் மக்காவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் விலகும். இந்தோனேசிய உலமா மன்றம் 2010இல் முதலில் ‘மேற்கு’ என அறிவித்து, அவ்வாண்டிலேயே ‘வடமேற்கு’ எனத் திருத்தியது. ஒரு சொல்லின் எல்லை எத்துணை முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாறாயின் கைப்பேசி பிழையற்றதா? அது செயற்கைக்கோள்களின் துணையால் நாம் நிற்கும் இடத்தை அறிகிறது. புவியின் உருண்டை வடிவைக் கருதி, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 292½ பாகை எனக் கணிக்கிறது. கணக்கில் குறையில்லை. வடக்கு எது என்று காட்டுவதோ அதனுள் உள்ள காந்த உணரி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கதவருகிலும், காந்தம் பதித்த கைப்பேசி உறையினுள்ளும் அவ்வுணரி தடுமாறும். அம்புக்குறி பொய் சொல்லும். இரும்பை விட்டு விலகி, கைப்பேசியை 8 என்னும் எண்வடிவில் சுழற்றிய பின்னரே அதனை நம்புதல் வேண்டும்.

இரண்டையும் சோதிக்க ஒரு நடுவர் உண்டு. ஆண்டுதோறும் மே 28, மாலை 5.16 அளவிலும், ஜூலை 16, மாலை 5.28 அளவிலும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளை பள்ளித் திடலில் ஒரு கோலைச் செங்குத்தாக நடுங்கள். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கிய திசையே கிப்லா.

ஆசிரியர்களே, புவியியலும் கணிதமும் தமிழும் அந்த ஒரு நிழலில் கூடுகின்றன. மாணவர்களே, பாட்டனாரின் ‘மேற்கு’ என்னும் சொல்லை எள்ளாதீர்கள். கைப்பேசியின் அம்பையும் கண்மூடி ஏற்காதீர்கள். அவரையும் திடலுக்கு அழைத்து வந்து, இரண்டையும் நிழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.