தொடும் முன் சொல்லுங்கள்

மசக்கையில் தாளிக்கும் வாசனைகூடக் குமட்டும். ஆட்டிசம் உள்ள பெண்களுக்கு ஒலி, ஒளி, தொடுகை எல்லாமே இயல்பிலேயே கூர்மையாக உறைக்கலாம். கர்ப்பக் காலத்தில் அது இன்னும் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். மருத்துவமனையின் கூசும் விளக்கும், சொல்லாமல் தொடும் கையும் அவர்களைக் கலங்கடிக்கும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள தாய்மார்களிடம் கர்ப்பக் கால மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டது.

இப்படிப்பட்ட தாய்க்கு உதவுவதற்குப் பெரிய செலவில்லை. தொடும் முன் சொல்லுங்கள். அடுத்து நடக்கப்போவதை எழுதிக் கொடுங்கள். அவர் முகம் பார்த்துப் பேசவில்லை என்றால் குழந்தைமேல் அக்கறையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.