மறந்தவர் கையில் தூரிகை

என்னுடன் நெடுங்காலம் பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவருக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று கேள்வியுற்று, அவரைக் காணச் சென்றேன். பார்த்ததும், “என்னை நினைவிருக்கிறதா?” என்றேன். அவர் விழித்தார். விட்டேனா? “நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று மீண்டும் கேட்டேன். தலைமையாசிரியனாக இருந்தவனை வினா விடுக்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. அவர் முகம் சுண்டிப் போயிற்று, தலை குனிந்துகொண்டார். அவருடைய துணைவியார் ஒன்றும் பேசாமல், மேசைமீது ஒரு மாங்காயையும் தாளையும் பென்சிலையும் கொணர்ந்து வைத்தார். என் பெயரை இழந்துவிட்ட அந்த மனிதர், மாங்காயின் மூக்கு வளைவை ஒரே கோட்டில் இழுத்தார்.

இஃது எவ்வாறு இயல்கிறது? நேற்று நடந்ததையும் கண்டவர் பெயரையும் காக்கும் நினைவு வேறு. கை பழகிய தொழிலைக் காக்கும் நினைவு வேறு. ஜெர்மானிய மருத்துவர் அல்ஸைமர் 1906-ஆம் ஆண்டு விவரித்து, பின்னர் அவர் பெயராலேயே வழங்கலான நோயில், பெரும்பாலும் முன்னது முதலில் சிதைகிறது; பின்னது சில காலம் தாக்குப்பிடிக்கிறது. அந்த வழியாகவே, முன்பு தூரிகை தொட்டிராதவர்க்கும் ஓரளவு ஓவியம் பயிற்ற இயலும்.

ஆனால் பயிற்றும் முறை, ஆசிரியர் பயிற்சியில் நான் கற்றதற்கு நேர்மாறானது. பிழை செய்யட்டும், பிழையிலிருந்து கற்பான் என்று பிள்ளைகளை விட்டுவிடுவோம். மறதியுற்றவர்க்கோ, தாம் செய்தது பிழை என்பது மறந்துபோகும். செய்த செயல் மட்டும் கையில் படிந்துவிடும். ஆதலால் ஊகிக்க விடாமல், பிழை நேருமுன்னரே சரியான அடியைக் காட்டித் தரவேண்டும். ஒரு வேளைக்கு ஒரு செயல்: தூரிகையை நனைத்தல், வண்ணம் தொடல், ஒரு கோடு. வாயால் சொல்வதைக் காட்டிலும் பக்கத்தில் அமர்ந்து செய்து காட்டுவது பயன் தரும். இரண்டு மூன்று வண்ணங்கள் போதும். தூரிகை கழுவும் நீரைக் காப்பிக் குவளையில் வைக்கலாகாது; அருந்திவிடக்கூடும். குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தை முதியவர் முன் வைப்பதை மட்டும் நான் ஒப்புவதில்லை, அஃது அவமதிப்பு.

நியூயார்க் நகரின் நவீனக் கலைக்கூடம், மறதி நோயுற்றவர்க்கும் அவர்களைப் பேணுவோர்க்கும் என 2006-ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. சில ஓவியங்களின் முன் அவர்களை அமரவைத்து, அங்கே என்ன காண்கிறார்கள் என்று பேசச் செய்தார்கள். நான் கேட்ட வினாவுக்கும் இதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள், நேயர்களே! என் வினாவுக்கு விடை ஒன்றே. அது தவறினால் தலைகுனிவு. கண்டதைச் சொல் என்றால் தவறுவதற்கு என்ன இருக்கிறது?

ஓவியம் இந்நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. லண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலன், 1995-இல் தமக்கு இந்நோய் என்று அறிந்தபின் தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். ஆண்டு செல்லச் செல்ல அந்த முகம் கலைந்தது. வாழ்நாள் முழுதும் பெற்ற பயிற்சி அவரைக் காக்கவில்லை, 2007-இல் மறைந்தார். எனினும் வரைய முடிந்தவரை வரைந்தார்.

இப்பொழுது நான் வாரந்தோறும் நண்பர் வீட்டுக்குச் செல்கிறேன். பெயர் கேட்பதில்லை. பக்கத்தில் அமர்ந்து நானும் வரைகிறேன். எனக்கு வரையவே வராது. சென்ற முறை நான் வரைந்த குடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கோணியிருந்த அதன் வாய் விளிம்பைத் திருத்தித் தந்தார்.