தொலைவிலிருந்து திறக்கும் கதவு



கதவைத் திறக்கவும் அடைக்கவும் ஒருவர் அதன் அருகில் நிற்க வேண்டும் என்பது நெடுங்காலம் மாறாதிருந்த விதி. அது நம் காலத்தில் மாறிவிட்டது. சென்னையில் இருப்பவர், நெய்வேலிக்கு அருகிலுள்ள தம் தோட்டத்துக் கதவை அங்கிருந்தபடியே திறக்கலாம், அடைக்கலாம். இவ்வசதி நமக்கு எவ்வாறு கிடைத்தது, அதனைக் கையாள்பவருக்கு எத்தகைய பொறுப்பு உண்டு என்னும் இரண்டையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். முதலாவதை நூல்களைப் படித்துக் கற்றேன். இரண்டாவதை என் பிழையினால் கற்றேன்.

நான் நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் நகரியத்துக் குடியிருப்பை விட்டு, அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் முந்திரித் தோப்பின் நடுவே சிறு வீடு கட்டிக்கொண்டேன். அத்தோப்பின் ஊடே ஒரு நடைபாதை செல்கிறது. நான் நிலம் வாங்குவதற்கு முன்பிருந்தே அவ்வூர்ப் பிள்ளைகள் அதன் வழியாகப் பேருந்துச் சாலைக்குப் போய்வருகிறார்கள். சுற்றிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊர்ப்பக்கம் ஒரு மூங்கிற் படல். சாலைப்பக்கம் 4 மீட்டர் அகலமுள்ள இரும்புக் கதவு. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறப்பேன். பிள்ளைகள் சென்றபின் எட்டரைக்கு அடைப்பேன். அடைக்காவிட்டால் ஆடுகள் புகுந்து முந்திரிக் கன்றுகளைக் கடித்துவிடும்.

எனக்கு முழங்கால் வலி கண்டபோது, என் மகன் அக்கதவுக்கு மின்மோட்டார் பொருத்திக் கொடுத்தான். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில், இக்கருவியின் முன்னோரைப் பார்ப்போம்.

கதவு தானே திறக்க வேண்டும் என்ற ஆசை புதிதன்று. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், கோயிற் கதவு ஒன்றுக்கு அமைப்பு எழுதி வைத்தார். பலிபீடத்தில் தீ மூட்டினால், அதனடியில் அடைபட்டிருக்கும் காற்று சூடேறி விரியும். விரிந்த காற்று ஒரு கலத்திலுள்ள நீரை வாளிக்குள் தள்ளும். நிறைந்த வாளியின் பளு கயிற்றை இழுக்கும். கயிறு கதவைத் திறக்கும். ஆனால் அங்கே தீக்கும் கதவுக்கும் இடையே கயிறும் குழாயும் இருந்தாக வேண்டும். இடையில் எதுவுமின்றி ஏவுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத அலைகளை மனிதன் அறிய வேண்டியிருந்தது.

அந்த அறிவு வளர்ந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், மின்காந்த அலைகளைச் சுவரை ஊடுருவச் செய்து, அப்பாலிருந்த மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். 1898-இல் நிக்கோலா டெஸ்லா என்பவர் நியூயார்க் நகரக் கண்காட்சியில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றைத் தொடாமலேயே அலைகளால் இயக்கிக் காட்டினார். இன்று நாம் கையில் வைத்திருக்கும் ரிமோட், அம்மணியும் அப்படகும் பெற்ற பிள்ளை.

ரிமோட்டின் பொத்தானை அழுத்தியதும் அது ஓர் அலையை வெளியிடுகிறது. இத்தகைய கருவிகள் பலவற்றில் அது 433 மெகாஹெர்ட்ஸ் அலை. விநாடிக்கு 43 கோடியே 30 லட்சம் முறை அதிர்வது. அதிர்வு ஒன்றாயிருந்தால் அடுத்த வீட்டு ரிமோட்டும் நம் கதவைத் திறந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். திறக்காது. அலையின் மேல் ஓர் இரகசிய எண் ஏறிச் செல்கிறது. நல்ல கருவிகளில் அவ்வெண் ஒவ்வொரு முறையும் மாறும். ஆசிரியரும் மாணவரும் ஒரே எண் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, சொன்ன எண்ணை மறுமுறை சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டதைப் போன்றது இது. இன்று ஒட்டுக்கேட்டவன் நாளை அதே எண்ணைச் சொன்னால், கதவு செவிசாய்க்காது.

ரிமோட்டின் அலை சில பத்து மீட்டர்களைக் கடந்தால் தளர்ந்துவிடும். அதற்கப்பால் செல்பேசி துணைக்கு வருகிறது. கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கும். நாம் அழைத்தால், அழைக்கும் எண் தனக்குத் தெரிந்ததா என்று மட்டும் அது பார்க்கும். தெரிந்ததாயின், அழைப்பை ஏற்காமலேயே மோட்டாரை இயக்கிவிடும்.

மோட்டாரின் அச்சில் ஒரு பற்சக்கரம். கதவின் அடியில் நீண்ட பற்சட்டம். சக்கரம் சுழலச் சட்டம் நகர, கதவு தண்டவாளத்தின் மேல் ஓடும். சிறிய மோட்டார் பெரிய இரும்புக் கதவை எவ்வாறு தள்ளுகிறது? பற்சக்கரத் தொடர் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகிறது. இதனை நீங்கள் இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். மெல்லச் செல்வதனாலேயே அக்கதவு வலிமை மிக்கது என்பதை மறவாதீர்கள். மெல்ல வருவது தீங்கு செய்யாது என்று எண்ணுவது நம் இயல்பு. அந்த எண்ணமே இங்கு ஆபத்து.

கதவின் இரு பக்கத் தூண்களிலும் ஒளிக்கண் என்னும் கருவி உண்டு. ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று சென்றுகொண்டே இருக்கும். கதவு அடைபடும்போது யாரேனும் குறுக்கே வந்தால் கதிர் தடைப்படும். கதவு உடனே நிற்கும், அல்லது திரும்பும். என் தோப்பில் இவ்வொளிக்கண்ணின் மேல் சிலந்தி வலை பின்னும். முந்திரிச் சருகு ஒட்டும். கதவு பாதி வழியில் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை பொறுத்தேன். பிறகு மின்பணியாளரை அழைத்து, ஒளிக்கண்ணின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். தலைமையாசிரியராக இருந்தவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சில மாதங்கள் சென்றன. கண் அறுவைக்காகச் சென்னையில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. எனினும் நாள் தவறாமல் காலை எட்டு மணிக்குச் செல்பேசியில் அழைத்துக் கதவைத் திறப்பேன். எட்டரைக்கு மீண்டும் அழைத்து அடைப்பேன். பிள்ளைகளுக்கு வழிவிடும் கடமையை இவ்வளவு தொலைவிலிருந்தும் செய்கிறேனே என்று எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஒருநாள் எட்டரைக்கு வழக்கம்போல் அழைத்தேன். அந்நேரம் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, கதவின் தண்டவாளத்தருகே குந்தி, சைக்கிளில் கழன்ற சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள். கதவு நகர்ந்து வந்தது. அவள் பார்த்தாள், ஆனால் எழவில்லை. கதவின் விளிம்பு முன்சக்கரத்தைத் தூணோடு சேர்த்து நெருக்கத் தொடங்கியபின்பே துள்ளி விலகினாள். அவள் பாவாடையின் ஓரம் சக்கரத்தோடு சிக்கிக் கிழிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துத் தோப்பு அம்மையார், கதவை நிறுத்த வழி தெரியாமல், இரு கைகளாலும் அதனைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். கதவு நிற்கவில்லை. சக்கரம் வில்லாக வளைந்தபின், மோட்டார் தானே ஓய்ந்தது.

மறுநாள் ஊர் திரும்பிச் சிறுமியின் வீட்டிற்குச் சென்றேன். அவள் தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உட்காருங்க வாத்தியாரையா" என்று பாய் விரித்தார். அந்த மரியாதை என்னைச் சுட்டது. சிறுமியிடம், "கதவு வருவதைக் கண்டும் ஏன் அம்மா எழுந்திருக்கவில்லை?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நீங்க பார்த்து நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேன், ஐயா."

கதவு நகர்ந்தால் அதனை நகர்த்துபவர் அருகில் இருப்பார், அவருக்குக் கண் இருக்கும் என்று அக்குழந்தை நம்பினாள். பல்லாயிரம் ஆண்டுகள் உண்மையாக இருந்த நம்பிக்கை அது. அதனைப் பொய்யாக்கியவன் நான்.

அன்றிரவு என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரிந்தவர். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பெற்றது. 1962-இல் இங்கே மின்சாரம் பிறந்தது. வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் நிலத்தை அகழ, மண்ணையும் நிலக்கரியையும் கன்வேயர் பெல்ட்டுகள் நெடுந்தொலைவு சுமந்து செல்லும். அவற்றை இயக்குபவர் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருப்பார். பெல்ட் முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பெல்ட் நகர்வதற்கு முன் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு நெடுக ஓடும். ஆபத்தைக் கண்டவர் எவராயினும் அதனை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். "ஓட்டுறவன் தூரத்தில இருக்கலாம், நிறுத்துற கயிறு பக்கத்தில இருக்கணும்" என்பார் என் தந்தையார். சிறுவயதில் நூறு முறை கேட்ட சொல். என் வீட்டு வாயிலுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் செய்த பிழை நான் மட்டும் செய்ததும் அன்று. 2010-ஆம் ஆண்டில் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் ஒரு சிறுமியும் மான்செஸ்டர் நகரில் ஒரு சிறுமியும், சில நாள் இடைவெளியில் மின்கதவுகளில் நெரிபட்டு உயிர் இழந்தனர். அதன்பின் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கைகள் விடுத்தது. அடைபடும் கதவின் விளிம்பு ஒரு தடையைத் தாக்கும் விசைக்கு ஐரோப்பியத் தரவிதி வரம்பு கட்டுகிறது. ஒருவர் நசுங்கக்கூடிய குறுகிய இடைவெளியில் அவ்விசை 400 நியூட்டனைத் தாண்டலாகாது; அதாவது ஏறத்தாழ 40 கிலோ எடையின் அழுத்தம். அந்த அழுத்தமும் முக்கால் விநாடிக்குள் தணிந்துவிட வேண்டும். என் கதவு எவ்வளவு விசையோடு அடைபடுகிறது என்று நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

பிறகு செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ, பிற்காலத்தில் நீங்கள் பொறியாளராகப் பணிபுரியும் இடத்திலோ பயன்படலாம். ஒளிக்கண்ணை மீண்டும் இணைத்தேன். வாரந்தோறும் துணியால் துடைக்கிறேன். கதவின் விளிம்பில், தொட்டவுடன் மோட்டாரை நிறுத்தும் ரப்பர்ப் பட்டை பொருத்தினேன். கதவு நகருமுன் ஐந்து விநாடி விளக்கு மின்னும், மணி ஒலிக்கும். தூணின் வெளிப்புறத்தில், ஆறு வயதுக் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில், ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தேன். அதனை அழுத்தினால் கதவு நிற்கும், திறக்காது. "திருடன் அழுத்திவிட்டால்?" என்று என் மகன் கேட்டான். கதவு நின்ற இடத்தில் நிற்கும், அவ்வளவே என்றேன்.

மற்றொன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது, மின்சாரம் பிறக்கும் நெய்வேலியைச் சூழ்ந்த சிற்றூர்களே பல நாள் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லாதபோது மோட்டாரை விடுவித்துக் கையால் திறப்பதற்கு, இத்தகைய கதவுகளில் ஒரு சாவி உண்டு. அச்சாவி முன்பு என் பெட்டிக்குள் இருந்தது. இப்போது அது, அன்று ஓடிவந்த பக்கத்துத் தோப்பு அம்மையாரிடம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வகுத்துக்கொண்டேன். தொலைவிலிருந்து கதவைத் திறப்பேன், அடைக்க மாட்டேன். அடைப்பவர் அருகில் நின்று கண்ணால் பார்த்தே அடைக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில் அந்த அம்மையாரே அடைக்கிறார்.

மாணவர்களே, இனி வரும் காலத்தில் நீங்கள் தொலைவிலிருந்து இயக்கப்போகும் பொறிகள் என் கதவைவிடப் பன்மடங்கு பெரியவை. ஒரு பொத்தானை அழுத்துமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அங்கே யார் இருக்கிறார்? அவர் இதனை நிறுத்த முடியுமா? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையெனில், விரலை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாதத்தின் முதல் திங்கட்கிழமையும் அச்சிறுமி பள்ளிக்குச் செல்லும் வழியில் கதவருகே நிற்பாள். நான் கதவை அடைப்பேன். அவள் ஒரு துடைப்பக் குச்சியை ஒளிக்கண்ணின் குறுக்கே நீட்டுவாள், கதவு நிற்கும். மறுமுறை சிவப்புப் பொத்தானை அழுத்துவாள், கதவு நிற்கும். "சரியா இருக்கு, ஐயா" என்று சொல்லிவிட்டுப் புதுச் சக்கரம் போட்ட சைக்கிளில் ஏறிச் செல்வாள். அவள் அவ்வாறு சொன்ன பிறகே அந்த மாதத்திற்கு நான் செல்பேசியைப் பயன்படுத்துகிறேன்.