மாறும் தொழிலும் மாற்றும் கையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வேண்டிய மேடையில் தொழிற்சாலைக் கணக்கைப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். நம் காலனியில் பல வீடுகளில் அடுப்பெரிவது பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் கிடைக்கும் சம்பளத்தால் அன்றோ? ஆதலின் இதுவும் குடும்பப் பேச்சே என்று கருதுகிறேன்.

பீனியாவில் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றில் நான் கிடங்குப் பொறுப்பாளன். வருகைப் பதிவையும் சம்பளப் பட்டியலையும் சரிபார்ப்பதும் என் வேலையே. இவற்றுக்கென ஒரு கணினிச் செயலி எங்களிடம் இருந்தது. அதில் ஒரு கட்டம் கூட்ட வேண்டுமாயினும் அதைச் செய்து கொடுத்தவர்களுக்கு எழுத வேண்டும். அவர்கள் விலை சொல்வார்கள், நாள் சொல்வார்கள், அந்த நாளும் தவறும். 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் முதல் நாள், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வந்தது. ஓசூருக்கு நாங்கள் அனுப்பும் பெட்டி அத்திப்பள்ளியைக் கடந்தால் மாநிலத்தைக் கடந்ததாகும். ஒவ்வொரு முறையும், செயலி திருத்தப்படும் வரை, நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பினோம்.

பின்னர் 2020 மார்ச் 25 வந்தது, நாடே கதவடைத்தது. மே மாதத்தில் தொழிற்சாலை மீண்டும் திறந்தபோது பழைய முறை எதுவும் செல்லவில்லை. ஆட்களிற் பாதிப்பேர் ஊரில் இருந்தனர். ஷிப்டுகளைப் பிரிக்க வேண்டும். காலையில் ஒவ்வொருவர் உடல் வெப்பத்தையும் குறிக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் போய் வருவோர்க்கு இ-பாஸ் பார்க்க வேண்டும். இவற்றைச் செயலியில் சேர்க்க மூன்று மாதம் ஆகும் என்று விடை வந்தது. எங்களுக்கோ வாரந்தோறும் விதி மாறிக்கொண்டிருந்தது.

அந்நாளில் எங்கள் அலுவலகத்தில் பி.காம். படித்த தங்கை ஒருத்தி வேலை பார்த்தாள். நிரல் மொழி எதுவும் அறியாதவள். அவள் இரண்டு மாலைப் பொழுதில் ஒரு செயலியை அமைத்துவிட்டாள். அதற்கு உதவியதுதான் ‘லோ-கோட்’ எனப்படும் கருவி. திரையில் படிவக் கட்டங்களை இழுத்து வைக்கலாம். ‘வெப்பம் இவ்வளவுக்கு மேற்போனால் மேலாளருக்குச் செய்தி அனுப்பு’ என்பது போன்ற விதிகளை வகுக்கலாம். உள்ளே வேண்டிய நிரலைக் கருவியே பார்த்துக்கொள்ளும். 2014இல் ஃபாரஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் இதற்கு இப்பெயரைச் சூட்டியது. பெயர் புதிது, எண்ணம் பழையது. 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற விரிதாளை அளித்தார்கள். ஓர் எண்ணை மாற்றினால் பக்கம் முழுவதும் அழித்துக் கூட்ட வேண்டிய துன்பம் அன்றே குறைந்தது. கணக்கர் தம் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ளலாயினர். இத்தகைய கருவிகளுள் ஸோஹோ கிரியேட்டர் 2006இலும் கிஸ்ஃபுளோ 2012இலும் சென்னையில் வேர்கொண்ட நிறுவனங்களிலிருந்து வந்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சிறிது பெருமையும் உண்டுதான்.

இனி, பெருமைப்பட முடியாததையும் சொல்ல வேண்டும். காலை எட்டரை மணிக்குள் கைப்பேசியில் படிவம் நிரப்பாதவர் ‘வரவில்லை’ என்று ஒரு விதி வகுத்தோம். அதைப் பார்த்து, சரி என்று ஒப்பமிட்டவன் நான். எங்கள் கடைசல் பிரிவில் முதியவர் ஒருவர் இருக்கிறார். பொத்தான் வைத்த பழைய கைப்பேசிதான் அவரிடம் உண்டு. மாத முடிவில் பதினொரு நாள் சம்பளம் அவருக்குக் குறைந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. தினசரி நாட்காட்டியிற் கிழித்த பதினொரு தாள்களை என் மேசைமீது வைத்தார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அன்று கடைந்த பாகங்களின் எண்ணிக்கை பென்சிலால் எழுதியிருந்தது. உற்பத்திப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். ஓர் எண்ணும் பிசகவில்லை. பதினொரு நாள் என்பது அவர் வீட்டு வாடகை, ஐயா!

‘மேற்பார்வையாளர் பிறருக்காகப் பதியலாம்’ என்று அத்தங்கை ஒரு விதி சேர்த்தாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வாரமே பெரியவர்க்குப் பணம் சேர்ந்தது. பழைய செயலியாயிருந்தால் இப்பிழை மூன்று மாதம் நின்றிருக்கும். ஆனால் பழைய செயலியாயிருந்தால் இப்பிழை இரண்டு மாலையில் பிறந்தும் இராது. விரைந்து ஆக்கும் கருவி, தவற்றையும் விரைந்து ஆக்கும். விதி வகுக்கும்போது அவ்விதிக்கு உட்படுவோரில் ஒருவரையேனும் அருகில் அமர்த்திக் கேட்டிருந்தால் இது நேர்ந்திராது, நான் கேட்கவில்லை.

2022இல் அத்தங்கை மணமாகித் திருப்பூர் சென்றாள். அடுத்த மாதமே சம்பளப் பட்டியல் நின்றுபோயிற்று. செயலி முழுவதும் அவளுடைய சொந்த மின்னஞ்சற் கணக்கில் இருந்தது! தொலைபேசியில் அழைத்து, “அம்மா, சாவி உன்னிடம் போய்விட்டது” என்றேன். புதுப்பெண் அடுக்களையில் நின்றுகொண்டே எங்களுக்கு வழி சொன்னாள். இப்போது கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருக்கிறது. இருவர்க்கு உரிமை உண்டு. விதிகள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பெற்றுச் சுவரில் தொங்குகின்றன. ஒருவர் உடல்நிலையை மற்றவர் காணாதபடி தடையும் இட்டோம். கடை வைத்திருக்கும் அன்பர்கள் இக்கருவிகளை நாடினால் வேறொன்றும் பார்க்க வேண்டும்: ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை உண்டு, விலகும் நாளில் நம் பதிவுகளை முழுமையாக எடுத்துச்செல்ல இயலுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெரும் பணம் புழங்கும் கணக்குகளுக்குத் தேர்ந்த பொறியாளர் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதியவர் இன்றும் வேலையில் இருக்கிறார். அவர் மகன் நல்ல கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டான். ஆயினும் நாட்காட்டித் தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் விடவில்லை. மாதக் கடைசியில் நான் திரையைப் பார்த்துப் படிக்க, அவர் தாளைப் பார்த்துத் தலையசைப்பார். அதன் பிறகே பட்டியலில் ஒப்பமிடுகிறேன்.